சுவருக்கு அந்தப் பக்கத்துச் சேவல்

பிப்ரவரி 18, செவ்வாய்

நாளைக்கு மகள் பொன்செல்வியும் மாப்பிள்ளையும் திருப்பூரிலிருந்து வருகிறார்கள். வீடு நிறையக் கோழி நிற்கிறதே, ஒன்றை அடித்துக் குழம்பு வையேன் என்கிறார் இவர். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கும்? எல்லாம் முட்டையிடுகிற பருவத்தில் நிற்கின்றன. செவலைக் கோழியை அடிப்பேனா, கழுத்தில் முடியில்லாத கழுத்தறுத்தானை அடிப்பேனா? ஒன்றின் மேலும் எனக்குக் கை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை முடிந்த கையோடு சந்தைக்குப் போய் இரண்டு நாட்டுக்கோழி பிடித்து வந்துவிட்டேன்.

ஒன்று சுமார்தான், அது குழம்புக்கு. இன்னொன்று உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்டு அவ்வளவு அழகு. இதையும் அடிக்கவா என்று இவர் கத்தியோடு வந்தார். தொட்டால் தெரியும் சேதி என்றேன். கால்கட்டை அவிழ்த்து நம் கோழிகளோடு விட்டேன். வந்ததும் வராததுமாகத் தொட்டியில் தண்ணீர் குடித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இவருடைய தம்பி குமரேசனின் பெண்டாட்டி. எங்கள் இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். என் கையில் சந்தைப் பையைப் பார்த்துவிட்டுத் தன் கோழியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“ஏ சவமே, அடுத்த வீட்டு விருந்தப் பாத்து வாயப் பொளந்துகிட்டு நிக்காத. நமக்கு யாரு வாரா?”

நானும் சும்மா இருக்கவில்லை. செவலையிடம் சொன்னேன். “கொடுத்து வச்சவ வீட்டுக்குத்தான் ஆளு வரும். நீ ஏன் அங்க பாக்க?”

போன ஆடியிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை இப்படித்தான். சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வோம். கேட்க வேண்டியவள் கேட்டுக்கொள்வாள். என் செவலை சுவர் தாண்டிப் போய் அவள் வைக்கோல்படப்பில் முட்டையிட்டது. முட்டையைக் கேட்டேன். “என் படப்புல கெடந்தது என் முட்ட” என்றாள். அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

பிப்ரவரி 20, வியாழன்

பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். போகிறபோது குமரேசனைப் பார்க்க இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். நான் தெருவோடு நின்றுகொண்டேன்.

குமரேசன் கேரளாவில் கொத்து வேலைக்குப் போனவன். புரட்டாசியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. கம்பி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நடப்பான், நாளாகும் என்கிறார் தென்காசி டாக்டர். நாள் ஆகிக்கொண்டேதான் இருக்கிறது, அவன் கட்டிலை விட்டு எழுந்தபாடில்லை. முப்பிடாதி தூக்கி உட்கார வைக்கிறாள், துடைக்கிறாள், பீடி சுற்றுகிறாள். நான் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று பொன்செல்வி கேட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு வீம்பு. அப்புறம் போகப் போகக் கால் வரவில்லை. இவர் கையில் குழம்பு கொடுத்து விடுகிறேன். அவளுக்கு யார் வைத்த குழம்பு என்று தெரியும். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்புகிறாள்.

பிப்ரவரி 22, சனி

புள்ளிக்கோழி இரை எடுக்கவில்லை. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. வெயில் இந்த வருஷம் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. புது இடம் வேறு. சரியாகிவிடும்.

பிப்ரவரி 24, திங்கள்

புள்ளிக்கோழி இல்லை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் கூட்டைத் திறந்தால் கழுத்தறுத்தான் இறங்கி வரவில்லை. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருக்கிறது. கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி, சீரகம் எல்லாம் வைத்து அரைத்து ஒவ்வொன்றின் வாயிலும் உருட்டிப் போட்டேன். செவலை என் விரலைக் கொத்திவிட்டது. கொத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன், பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

இது அந்தப் பக்கத்துக் கண்ணாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குப் பையைப் பார்த்தாளே.

பிப்ரவரி 28, வெள்ளி

கழுத்தறுத்தான் போய்விட்டது. கூடவே முதல் முட்டைக்கு நின்ற இரண்டு வெடைக்கோழி. செவலை நிற்கிறது, ஆனால் தும்முகிறது.

இவர் தம்பியைப் பார்க்கக் கிளம்பினார். வாசலில் மறித்துச் சொன்னேன். “நம்ம கோழி சாவுதத அந்த வீட்டுல போயி மூச்சு விட்டுராதிய. அவளுக்கு வயிறு குளுந்துபோவும்.”

“ஏட்டி, அவளும் கோழி வச்சிருக்காள்லா?”

“வச்சிருந்தா அவ பாத்துக்கிடுவா.”

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னோடு வாதாடி ஜெயித்ததில்லை, பாவம்.

மார்ச் 1, சனி

செத்த கோழி ஒன்றை ஒயர்க்கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருப்பது சின்ன வயசு டாக்டரம்மா. கோழியைக் கீறி இரைப்பைக்குள் ஊசி குத்தினாற்போல் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். வெள்ளைக்கழிச்சலாம்.

“புதுசா எங்கயாவது கோழி வாங்கி உள்ள விட்டீங்களா?”

இந்த டாக்டர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்றேன்.

“சீக்கு வந்ததுக்கு இனி ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல. நல்லா இருக்க கோழிக்கு முன்கூட்டியே போடணும். பக்கத்து வீட்ல கோழி இருக்காம்மா?”

“இருக்கு.”

“அப்போ இன்னைக்கே சொல்லிருங்க. காத்துல, கால்ல, தண்ணில எல்லாத்துலயும் பரவும். நான் வந்து போட்டுத் தாரேன். உங்க கோழி எதுவும் அங்க போகக்கூடாது, அவங்க கோழி இங்க வரக்கூடாது. செத்தத ஓடையில வீசிராதீங்க. ஆழமாக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்க.”

சொல்லுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு சீட்டில் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

புறவாசலில் வந்து நின்றேன். முப்பிடாதி அந்தப் பக்கம் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “ஏ முப்பிடாதி” என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. எப்படிச் சீக்கு வந்தது என்று கேட்பாளே? என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 2, ஞாயிறு

அவளுடைய கருஞ்சேவலைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும்.

குமரேசன் விழுந்த வாரத்தில் முப்பிடாதி மாடசாமிக்கு நேர்ந்தது அது. ‘இவுக ரெண்டு கால்ல நிக்கட்டும், சித்திரைக் கொடைக்குக் கருஞ்சேவல் தாரேன்’ என்று கோயில் வாசலில் விழுந்து அழுதாளாம். கொடைத் திருவிழாவில் பலி கொடுக்கும் வரை நேர்ந்த சேவலை அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. அது செத்தால் சந்தையில் ஒன்று வாங்கி நிறுத்துகிற வேலையும் ஆகாது. நேர்ந்தவர் வீட்டில் குஞ்சிலிருந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். தனக்குப் போட்டுக்கொள்ளாத தேங்காய்ச் சில்லை அதற்குப் போடுகிறாள். எத்தனை கோழி இருந்தாலும் அது மற்றவற்றோடு கூட்டில் அடையாது, அவர்கள் வீட்டு வேப்பமரத்தில் தனியாக அடையும். ராஜா மாதிரிதான் நடக்கும்.

அந்த ராஜாதான் இன்றைக்குச் சுவரில் ஏறி, இந்தப் பக்கம் குதித்து, என் தொட்டியில் தண்ணீர் குடித்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவரைப் பனையோலை வெட்டி வரச் சொல்லிச் சுவருக்கு மேலே வரிசையாகச் செருகினேன். தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டேன். திடீரென்று எதுக்கு வேலி என்று இவர் கேட்டார். அந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றேன். ஓலைச் சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“போட்டுக்கிடட்டும். இன்னும் ஒசரமாப் போடட்டும். ஒத்த ரத்தம்னு நெனச்சது நம்ம தப்பு, வா அங்கிட்டு.”

கோழியிடம்தான் சொன்னாள்.

மார்ச் 3, திங்கள்

சேவல் ஓலை மேலேயே ஏறிவிட்டது. விளக்குமாற்றை எடுத்து விரட்டினேன். பறந்து அந்தப் பக்கம் விழுந்து கத்திய கத்தலில் முப்பிடாதி ஓடி வந்தாள். என் கையில் விளக்குமாறு.

அவள் கோழியைக்கூடக் கூப்பிடவில்லை. ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். “மாடா, நீ பாத்துக்கிட்டுதான இருக்க? உனக்கு விட்டதுமேல வெளக்குமாறு ஓங்குதா. படுத்துக் கெடக்க மனுசன்மேல என்ன வஞ்சமோ தெரியல.”

ஐயோ, ஐயோ! அடிப்பாவி, அந்த மனுஷன் எழுந்து நிற்கட்டும் என்றுதான் விரட்டினேன். வாயைத் திறந்தேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வழியிலேயே சொல்லிப் பார்த்தேன். அவள் பாத்திரம் விளக்குகிற நேரமாகப் பார்த்து, இருக்கிற நாலைந்து கோழியில் செவலையை மடியில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

“அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத. போனா சாவுதான். பெரிய டாக்டரே சொல்லியாச்சு, அந்த வீட்டுல உள்ளதெல்லாம் இனி பொழைக்கணும்னா ஊசி போட்டாத்தான் உண்டு, ஆமா.”

பாத்திரம் நங்கென்று விழுந்தது. பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. அழுதாளே தவிரத் தன் கோழியிடம் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம்தான் என் புத்திக்கு எட்டியது. எட்டு மாதமாக அந்தச் சுவர் வழியாக நான் ஒரு நல்ல வார்த்தை அனுப்பியதில்லை. சாவு, டாக்டர், ஊசி என்று கேட்டால் அவள் கட்டிலில் கிடக்கிறவனைத் தவிர யாரை நினைப்பாள்? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

செவலை போய்விட்டது. மடியிலேயே போய்விட்டது. இவர் குழி வெட்டினார், நான் சுண்ணாம்பு போட்டேன். முட்டைக்காகச் சண்டை போட்டேனே, அந்த முட்டை இட்ட கோழி.

இவர் சாயங்காலம் மெதுவாகக் கேட்டார். “ஆவுடை, டாக்டரம்மா என்னதான் சொன்னா?”

“சூடுன்னு சொன்னா.”

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்குக் காலையில் கருஞ்சேவல் கூவவில்லை. தினமும் அது போடுகிற சத்தத்தில் எழுந்து ‘சவம், தூங்க விடுதா’ என்று திட்டுவேன். இன்றைக்கு வெயில் ஏறியும் சுவரோரம் காது வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்குக் கூவும் என்று நினைக்கிறேன். டாக்டரம்மா நம்பர் எழுதிய சீட்டை எடுத்தேன், வைத்தேன். பருப்பு டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் பருப்பையே அடுப்பில் போட மறந்தேன்.

மார்ச் 8, சனி

கூவவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஓலையை ஒரு கை விலக்கியது.

“எக்கா.”

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. அரிசிச் சட்டி கையிலிருந்து நழுவிவிட்டது. முப்பிடாதியின் முகம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. பொட்டு வைத்திருந்தாள்.

“எக்கா, மாடன் சேவல எடுத்துக்கிட்டாரு.”

நான் சிந்திய அரிசியை அள்ளக் குனிந்தேன்.

“விடியக்காலம் மரத்துக்கு அடியில கெடக்கு. தல கோயில் இருக்க தெசையில. கொடைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கா, அது வரைக்கும் பொறுக்க முடியாம நேருல வந்து எடுத்துக்கிட்டாரு. நேத்து சாயங்காலம் இவுக தானா பெரண்டு உக்காந்தாக தெரியுமா? நான் புடிக்கல. தானா! கேட்டு வாங்கித் தின்னாக. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேந்துதான் நடக்கு. இனி எந்திரிச்சிருவாகக்கா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. “உங்கமேல உள்ள கோவத்துல அன்னைக்கு மாடன்ட்ட மொறையிட்டுட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய. சாமியே எறங்கி வந்தப் பொறவு நமக்குள்ள என்ன?”

அவள் தோளுக்குப் பின்னால் ஒரு வெடைக்கோழி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இறக்கை தொங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“நல்லது முப்பிடாதி” என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுக்களைக்கும் புறவாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். சொன்னால் என்ன ஆகும்? சேவல் சாமி எடுத்ததில்லை, என் வீட்டுச் சீக்கு எடுத்தது என்று ஆகும். நேர்ந்தது வீணாய்ப் போயிற்று என்று அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால்? அவள் கூட்டில் இருபதுக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொன்றாக விழும். அப்போது எத்தனை தடவைதான் சாமி வந்து எடுப்பார்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். எனக்கு அவள் வேண்டும். இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

இன்றைக்குத்தான் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிக்கோழிதான் சீக்கைக் கொண்டுவந்தது என்பது, டாக்டரம்மா சொன்னது, எல்லாம். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். “நான் போயி சொல்லட்டா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் தெருவாசல் வழியாகப் போனேன். அந்த வீட்டுப் படியேறி எட்டு மாதம் ஆகிறது. முப்பிடாதி குமரேசனின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“மைனி! வாங்க மைனி. வழி தெரிஞ்சிதா?”

கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பிடாதி காப்பி போட எழுந்தாள். காப்பி வேண்டாம், புறவாசலுக்கு வா என்றேன்.

நேற்றுப் பார்த்த வெடைக்கோழி குப்பைமேட்டுப் பக்கம் செத்துக் கிடந்தது. அதைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. சந்தையில் வாங்கிய கோழி, அதைக் கூட்டத்தோடு விட்டது, டாக்டரம்மா உன்னிடம் அன்றைக்கே சொல்லச் சொன்னது, நான் சொல்லாமல் ஓலை கட்டியது, விளக்குமாற்றை எடுத்தது, மடியில் கோழியை வைத்துக் கத்தியது. எல்லாவற்றையும் கொட்டினேன். கூப்பிட்டால் டாக்டரம்மா இன்றைக்கே வருவார், மிச்சமுள்ளதற்கு ஊசி போட்டால் சிலது தப்பிக்கும் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் அடிப்பாளா, வைவாளா என்று நின்றேன். எது என்றாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் செத்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ சாமி எடுக்கல.”

“இல்லட்டி.”

“சீக்குதான்.”

“ஆமா.”

மெதுவாகச் சொன்னாள். “கோழி போனா போவுதுன்னு நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லாக்கா. இவ்வளவு நாளு சொல்லாம இருந்தவுகதான? எனக்கு நேத்து ஒருநா அது இருந்துச்சு. ஒருநா நல்லா ஒறங்குனேன். அத எதுக்கு வந்து புடுங்குனீக?”

உள்ளேயிருந்து குமரேசன், “என்ன, ரெண்டு பேரும் சமாதானமா?” என்று கத்தினான். அவன் சிரிப்பது கேட்டது. முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டாக்டர வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலமே டாக்டரம்மா ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். கோழிகளை நான் பிடித்துக் கொடுத்தேன், அவர் இறக்கைக்கு அடியில் போட்டார். முப்பிடாதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். அந்தச் சேவல் மரத்தில் தனியாக அடைந்ததால் மற்றதுக்கு அவ்வளவாகத் தொற்றியிருக்காது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். என் பக்கம் பார்த்து, “அன்னைக்குச் சொல்லிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். முப்பிடாதிக்கும் அது கேட்டது.

மார்ச் 23, ஞாயிறு

அவளுக்கு மொத்தம் ஆறு போயிற்று. மிச்சமெல்லாம் நிற்கிறது, இரை எடுக்கிறது. எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. கூட்டைச் சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டிருக்கிறேன். இரண்டு மாதத்துக்குக் கோழி விடக்கூடாதாம்.

ஓலையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அவள் தெரிகிறாள். என்னோடு பேசவில்லை, கோழியோடும் பேசவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது. ஒருமுறையாவது ஒரு கோழியைத் திட்டமாட்டாளா என்று இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

குமரேசன் நடைவண்டி மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறான். நான் தினமும் போகிறேன். அவனோடு பேசுகிறேன். முப்பிடாதி காப்பி கொண்டுவந்து வைக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. சர்க்கரை மட்டும் சரியாக இருக்கிறது.

மே 9, வெள்ளி

கொடை. ஊரே கோயிலில். ஆளுக்கொரு சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முப்பிடாதி வெறுங்கையோடு நின்றாள். குமரேசனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார் இவர். தீபாராதனை காட்டும்போது அவன் கம்பியை விட்டான். அண்ணன் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கால் நடுங்கியது, முகமெல்லாம் வேர்த்தது. தீபம் இறங்குகிற வரைக்கும் நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மேளச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. முப்பிடாதி மாடனைப் பார்க்கவில்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 11, ஞாயிறு

மத்தியானம் முப்பிடாதி தெருவாசல் வழியாக வந்தாள். கையில் ஒரு பனையோலைக் கொட்டான், மேலே துணி கட்டியிருந்தது. இவர் எழுந்து உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அடைக்கு வச்ச முட்டையில பொரிஞ்சது. அந்தச் சேவலோட குஞ்சு. இப்பந்தான் கொண்ட செவக்கு, இதுவும் சேவல்தான்.”

துணியை விலக்கினேன். கன்னங்கரேலென்று ஒரு குஞ்சு, கால் மட்டும் மஞ்சள். என்னை ஒரு கண்ணால் பார்த்தது.

“இவுக நின்னாகன்னும் சொல்ல முடியல, நிக்கலன்னும் சொல்ல முடியல. மாடனுக்குப் பாதிக் கடன் நிக்கி. அடுத்த கொடைக்கு இதக் குடுக்கணும். நீங்க வளங்க.”

“நானா? நேந்தது உன் வீட்டுல வளரணும்லா முப்பிடாதி? என் வீட்டுல அப்படியெல்லாம் ஆனப் பொறவு…”

“ரெண்டு வீடுன்னு யாரு சொன்னா? ஒரே குடும்பந்தான, பூசாரிட்ட கேட்டுட்டேன்.” அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளைக்கு அப்புறம்! “என் வீட்டுல இருந்தா நான்தான் ஒவ்வொரு நாளும் பயந்துகிட்டு கெடக்கணும். ஏழு மாசம் கெடந்தாச்சு, இனி என்னால முடியாது. உங்க வீட்டுல இருந்தா பயம் உங்களுக்கு. ஒரு வருசம் நீங்க கெடந்து பாருங்க.”

கொட்டானை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வைத்த வேகத்தில் குஞ்சு என் சேலையில் எச்சம் போட்டது. வீட்டுக்குள் கோழி எச்சம் பட்டால் ஊரைக் கூட்டுகிறவள் நான். துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். இவர் சிரிக்கிறார்.

மே 12, திங்கள்

காலையில் குஞ்சு ஒரு தடவை தும்மியது. பல்கூட விளக்காமல் சுவருக்கு ஓடி, “ஏ முப்பிடாதி” என்று கூப்பிட்டேன்.